ஆபீஸ் பயிற்சிக்கு எந்த சிமுலேஷன்? என் ஓட்டு பீர் கேமுக்கு

கொள்முதல், ஸ்டாக், விற்பனை பார்க்கிறவர்களுக்கு அரை நாள் பயிற்சி என்றால் நான் முதலில் சொல்வது பீர் கேம்தான், பீர் பெட்டிகள் பேக்டரியிலிருந்து கடைவரை கை மாறும் சப்ளை ஆட்டம். அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் குழுவிடமிருந்து வந்தது இது, அறுபது வருஷம் தாண்டியும் அதன் வேகம் குறையவில்லை. கம்ப்யூட்டர்கூட வேண்டாம், போர்டு, சில்லுகள், துண்டுச்சீட்டு போதும்.

சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், பேக்டரி என்று நான்கு இடம். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கை மாறும், சரக்கு வாரக்கணக்கில் தாமதமாக வரும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்காமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் முதல் 4 வாரம் நான்கு நான்கு பெட்டி கேட்கிறார், ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டு, கடைசிவரை அதே எட்டு, அவ்வளவுதான். ஆனால் பதற்றத்தில் ஆளாளுக்குக் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, பேக்டரிக்கு வந்து சேரும்போது அது பல மடங்காகி, அப்புறம் சுத்தமாக நின்றுபோகும்.

முடிந்ததும் சில்லறைக் கடைக்காரர் தவிர மற்றவர்களை வாடிக்கையாளர் கேட்ட அளவை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏறி இறங்கும் அலைதான் வரும். உண்மையான கோட்டைக் காட்டும்போது, அதுவரை பக்கத்து மேசையைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் ஆர்டர் சீட்டையே எடுத்துப் பார்ப்பார்கள். காசு கொடுப்பதே இந்தப் பேச்சுக்காகத்தான். அதனால் நடத்த வருபவரிடம் ஆட்டத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேளுங்கள். பத்து நிமிஷம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

விலை, போட்டியாளர், கடன் எதுவும் இதில் கிடையாது. நாளைக்கு ஒரு பிரிவையே தலைமையேற்று நடத்தப் போகிறவர்களுக்கு கேப்சிம் என்ற கம்ப்யூட்டர் சிமுலேஷன் மாதிரி ஒன்று சரி, அதில் அணிகள் சென்சார் கம்பெனி நடத்தி மோதுகின்றன, ஆராய்ச்சி முதல் நிதி வரை முடிவெடுக்க வேண்டும். ஆனால் கையேட்டைப் படித்துவிட்டு வராத கூட்டத்துக்கு அதை வாங்காதீர்கள். திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை வைத்தும் வாங்காதீர்கள். உங்கள் ஆட்கள் தினமும் செய்கிற தவறு அந்த ஆட்டத்துக்குள் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நடத்தும்போது 50 வாரம் என்று சொல்லிவிட்டு 36இல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஸ்டாக்கைக் காலி செய்யத்தான் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஆடியவர்களுக்கு ரகசியம் தெரியும், அவர்களைக் கணக்கு எழுத உட்கார வைத்துவிடுங்கள்.