கிண்டிலில் ஆங்கிலக் கதைகள்: சொல் புரிகிறது, சூழல் புரிகிறதா?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் நான்கு உதவிகள் இருக்கின்றன: அகராதி, வேர்ட் வைஸ், நூலில் வரும் ஆட்களையும் சொற்களையும் பட்டியலிட்டு விளக்கும் எக்ஸ்-ரே, விக்கிப்பீடியா. சொல்லுக்குப் பொருள் காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதை நடக்கும் ஊரின் பழக்கவழக்கம் தெரியாமல் வாசகர் தடுமாறும்போது இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேர்ட் வைஸ் கடினமான சொல்லுக்கு மேலேயே எளிய ஆங்கிலத்தில் சின்னக் குறிப்பு போடும். குறிப்புகளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்லைடர் உண்டு. வாசிப்பு அறுபடாமல் போகும். ஆனால் எது கடினம் என்பதை அது சொல்லை வைத்தே முடிவு செய்கிறது. சிக்கல் அங்கேதான், பண்பாட்டுப் பள்ளம் பெரும்பாலும் எளிய சொற்களுக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஒரு பிரிட்டிஷ் நாவலில் ஒருவன் 'பப்ளிக் ஸ்கூல்' படித்தவன் என்று வருகிறது. இரண்டுமே தொடக்கநிலைச் சொற்கள், குறிப்பு எதுவும் வராது. அரசுப் பள்ளி என்று எடுத்துக்கொண்டு வாசகர் நகர்ந்துவிடுவார். இங்கிலாந்தில் அந்தப் பெயர் பழைய, கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளைக் குறிக்கும். ஆக, பணக்கார வீட்டுப் பையன் ஏழைப் பையனாகிவிடுகிறான். அவன் பேச்சில் தெரியும் மிதப்புக்குக் காரணமே பிடிபடாது. 'டீ' என்ற சொல்லும் அப்படித்தான்: வட இங்கிலாந்தில் பலர் இரவுச் சாப்பாட்டையே அப்படிச் சொல்வார்கள்.

பிறர் உதவியின்றிக் கதை புரிய 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு வெளிவந்த, ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வு சொன்னது. அந்த அளவை எட்டியவரும் மேலே சொன்ன இடங்களில் சறுக்குவார். 1979இல் மார்கரெட் ஸ்டெஃபென்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓர் இந்தியக் கல்யாணம், ஓர் அமெரிக்கக் கல்யாணம் பற்றிய இரண்டு கடிதங்களை இரு நாட்டவருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். தத்தம் ஊர்க் கல்யாணத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். மற்றதைத் தங்கள் பழக்கத்துக்கு ஏற்பத் திரித்துப் புரிந்துகொண்டார்கள். அப்படித் திரிவது வாசகருக்கே தெரியாது. வேர்ட் வைஸ் தவிர மற்ற கிண்டில் உதவிகளோ வாசகருக்குச் சந்தேகம் வந்து விரலை வைத்தால்தான் வேலை செய்யும்.

இதைப் பாதியாவது சரிக்கட்ட வழி உண்டு. கிண்டிலின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) மொழி, அகராதிப் பகுதிக்குப் போய், பிரிட்டிஷ் நூலென்றால் ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலிஷ், அமெரிக்க நூலென்றால் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' பிரிட்டனில் முதல் மாடி, அமெரிக்காவில் தரைத்தளம். அகராதி பிசகினால் ஆள் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்பதே மாறிப்போகும். தனிச் சொல்லை அழுத்தாமல் தொடர் முழுவதையும் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். 'பப்ளிக்' மட்டும் அழுத்தினால் பொது என்றுதான் வரும். பாத்திரத்தின் கோபமோ வெட்கமோ காரணமில்லாமல் வந்ததுபோலத் தோன்றினால், முந்தைய இரண்டு பத்திகளிலுள்ள எளிய சொற்களைச் சந்தேகியுங்கள். இந்த ஒரு பழக்கம் நான்கு உதவிகளையும்விடப் பெரியது.

எக்ஸ்-ரேயில் ஆட்கள் பட்டியலைத் தொடக்கத்திலேயே திறக்காதீர்கள், கதையின் திருப்பம் முன்பே தெரிந்துவிடலாம். இடங்கள், நிறுவனங்கள் வரும் சொற்பட்டியலை மட்டும் படிக்கும் முன் ஒருமுறை பாருங்கள். பண்டிகை, தேர்வு, பதவிப் பெயர்களுக்கு விக்கிப்பீடியா நன்றாக உதவும், ஆனால் இணையம் வேண்டும். தேடிய சொற்களைச் சேர்த்துவைக்கும் வொகாபுலரி பில்டர் மனப்பாடத்துக்குச் சரி, சூழலுக்கு உதவாது.

வாங்கும் முன் நூலின் விவரப் பக்கத்தில் வேர்ட் வைஸ், எக்ஸ்-ரே இரண்டுக்கும் நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லா நூல்களுக்கும் இவை கிடையாது. நீங்களே ஏற்றிய கோப்புகளில் பெரும்பாலும் அகராதியையும் விக்கிப்பீடியாவையும் நம்பித்தான் படிக்க வேண்டியிருக்கும்.