ஊரில் கணக்கு, நியூஜெர்சியில் வீடு: ஆறு வருட என்.ஆர்.ஓ. அனுபவம்

கோபிசெட்டிப்பாளையத்தில் தபால் துறையில் வேலை பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றேன். மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்ததால் கிரீன் கார்டு கிடைத்து, 2018 கடைசியில் நானும் வீட்டுக்காரம்மாவும் நியூஜெர்சிக்குக் குடிபோனோம். அக்டோபர் கடைசியில் ஊருக்கு வந்து தைப்பொங்கல் முடிந்து கிளம்புவோம். மற்ற ஒன்பது மாதமும் அங்கேதான். ஆனால் பென்ஷன், வைப்புத்தொகை வட்டி, தென்னந்தோப்புக் குத்தகை என்று வருமானம் முழுக்க ஊரில் வருகிறது. பிள்ளைகளோடு போய் இருக்கக் கிளம்புகிறவர்கள் என்னைப் பார்த்ததும் "பேங்க்கு கணக்கை என்னங்க பண்ணுனீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதல் ஒரு வருடம் நான் செய்தது தவறு. "பேங்க்குல ஒண்ணும் சொல்லிக்காதீங்க, சொன்னா வரி புடிச்சுக்குவாங்க" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு, சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டேன். பத்து செக் தாளில் கையெழுத்துப் போட்டு மச்சினனிடம் கொடுத்தேன். அவர் கையில் ஒரு ரூபாய் பிசகவில்லை. பிசகியது என் செல் நம்பர். மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண் ரத்தாகி வேறு யாருக்கோ போய்விட்டது. 2019-ல் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து கோவையில் அறுவை சிகிச்சை. பெரிய தொகை என்பதால் செக் உண்மையா என்று கேட்க வங்கிக் கிளையில் இருந்து என் எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். எடுத்தவர் யாரோ. செக் திரும்பி வந்தது. இணைய வங்கிக்குள் போகலாம் என்றால் ஓடிபி அதே எண்ணுக்குப் போகிறது. நேரில் வந்தால்தான் எண்ணை மாற்ற முடியும் என்றார்கள். கணக்கில் பணம் இருந்தும் மச்சினன் வெளியில் புரட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். அன்று இரவு வீட்டுக்காரம்மா சாப்பிடவில்லை. அவருடைய அம்மாவுக்கு அவருடைய பணமே உதவவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2020 ஜனவரியில் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிளைக்குப் போய் இரண்டு பேர் கணக்கையும் என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் ஊர் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்றினேன். இது நம் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. வெளிநாட்டிலேயே தங்கப் போகிறோம் என்று கிளம்பினால் சாதாரணக் கணக்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். "182 நாள் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள். நாள் கணக்கு வருமான வரியிலும் உண்டு, ஃபெமாவிலும் உண்டு. ஆனால் எவ்வளவு காலம் என்று வரையறை இல்லாமல் தங்கக் கிளம்புகிறவர்கள் ஃபெமாவில் அந்த நாள் கணக்குக்குக் காத்திருக்க முடியாது. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, பான் கார்டு, அங்கத்திய முகவரிச் சான்று கொடுத்தோம். இரண்டு நடை, மூன்று வாரம். எனக்குக் கணக்கு எண் மாறவில்லை, பென்ஷனும் நிற்கவில்லை.

வரி பிடிப்பார்கள் என்று சொன்னதில் பொய் இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, போகிறது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று ஊரில் இருந்தவரை கொடுத்த 15எச் படிவத்தை இனிக் கொடுக்க முடியாது. முதல் வருடம் அந்தத் தொகையைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வருகிறது. இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு வட்டி மீதான வரி 15 சதவீதம்தான். அங்கே வரி கட்டும் குடியிருப்பாளர் என்று அந்த நாட்டு வரித்துறை தரும் 6166 சான்றிதழையும், ஒப்பந்தச் சலுகைக்கான நம்மூர் 10எஃப் படிவத்தையும் வங்கியில் கொடுத்த பிறகு எனக்கு அந்த அளவோடு நின்றது. சான்றிதழ் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, முன்கூட்டியே போட்டு வையுங்கள். என்.ஆர்.இ. கணக்கும் ஒன்று திறந்து பார்த்தேன். அது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்களுக்கு. வருமானம் எல்லாம் ஊரிலேயே உள்ள எங்களுக்கு வேலை இல்லாததால் மூடிவிட்டேன்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது எஃப்பார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாவற்றிலும் உள்ள தொகையைக் கூட்டி, வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அவர்கள் அரசுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். இதற்கு வரி எதுவும் இல்லை, விவரம் மட்டும்தான். ஆனால் தெரிவிக்காமல் விட்டால் அபராதம் பெரியது. நம்மூர் வைப்புத்தொகை ரசீது நாலைக் கூட்டினாலே அந்த எல்லை வந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தப்படி நம்மூர் வங்கிகள் இந்த விவரங்களைத் தெரிவிக்கின்றன. நீங்கள் ஒன்று சொல்லி வங்கி வேறொன்று சொன்னால்தான் சிக்கல்.

தபால்காரனாக நான் எத்தனையோ பேரைச் சேர்த்துவிட்ட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது நானே புதிதாகச் சேர முடியாது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோப்பை ஒட்டி இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தபோது, "வாங்கிப் போடுங்க மாமா" என்றார் மச்சினன். வெளிநாட்டில் குடியிருக்கும் நாம் விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம். அவர் பெயரில் வாங்கிப் போடலாம் என்றும் பேச்சு வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். மச்சினன் உறவு எனக்கு நிலத்தைவிடப் பெரியது.

ஆயுள் சான்றிதழை நவம்பரில் ஊருக்கு வந்து நானே கொடுத்துவிடுகிறேன். எங்கள் பயணத் தேதியே அதை வைத்துத்தான். இந்திய செல் எண்ணுக்குப் பொங்கல் அன்று ஒரு வருட ரீசார்ஜ். பத்து நாடுகளின் செல் எண்ணை என்.ஆர்.ஓ. கணக்கில் யு.பி.ஐ.க்குப் பயன்படுத்தலாம் என்று 2023-ல் வந்தது. அமெரிக்காவும் அதில் உண்டு. ஆனாலும் ஊர் எண்ணை நான் விடுவதாக இல்லை.

வைப்புத்தொகையை மூன்று வங்கியில் பிரித்திருக்கிறேன். ஒரு வங்கி நொடித்தால் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அரை சதவீதம் வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்து நின்ற சனத்தைக் கண்ணால் பார்த்தவன் நான்.

போன வருடம் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வீடியோ அழைப்பு. போலீஸ் உடுப்பில் ஒருவர், உங்கள் ஆதாரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்கிறோம் என்றாராம். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்ததால், "எங்க ஊட்டுக்காரரு வந்து பேசுவாருங்க" என்று சொல்லி அவர் துண்டித்துவிட்டார். போனில் பணம் அனுப்பும் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. பெரிய தொகை உள்ள கணக்கு அந்தப் போனிலேயே இல்லை.

ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை, அதாவது நமக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள நாம் எழுதி வைப்பவர்களை, நியமிக்கலாம் என்று 2025 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது. அந்த மாதமே இரண்டு பேரும் போய் எழுதிக் கொடுத்தோம். இத்தனை வருடமாக வங்கி வேலை எல்லாம் நானே பார்த்ததுதான் என் கவலை. அதனால் கடவுச்சொல் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். சென்ற கோடையில் நியூஜெர்சியில் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, பத்து நாள் திரையைப் பார்க்கக் கூடாது. கோபி வீட்டுக்கு நகராட்சி வரி கட்ட வேண்டியிருந்தது. அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமலே கட்டி, ரசீதை மச்சினனுக்கு அனுப்பிவிட்டு வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்.