ஒசாகாவில் வாங்கிய உருளைக் கத்தி

ஜப்பான் போனது ஊர் சுற்றிப் பார்க்கத்தான். ஒசாகா கோட்டை, நாராவில் மான்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கிற போர்வை) தைக்கிற எனக்கு மனசு நிறைந்தது ஓல்ஃபா நிறுவனத்தின் இந்த 45 மி.மீ. உருளைக் கத்தியை வாங்கியபோதுதான். வட்டமான பிளேடு சக்கரம்போல உருண்டு துணியை வெட்டும். 1979-ல் உருளைக் கத்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்களே.

தண்டையார்பேட்டைக்குத் திரும்பிய மறுநாளே தண்ணீர் பிடிப்பது, பேரனுக்கு டிபன் கட்டுவது என்று பழைய ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. மதியம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து, ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பு. நாலு மடிப்பும் நூல் பிசிறாமல் அறுந்தன, ஓரத்துப் புள்ளிகள் சரிபாதியாக. கத்தரிக்கோலில் எனக்கு இது ஒருநாளும் வந்ததில்லை. கட்டைவிரல் வலியும் இல்லை.

அடியில் கட்டிங் மேட் கட்டாயம் வேண்டும். நான் அவசரப்பட்டு சாப்பாட்டு மேஜையில் கீறல் போட்டுவிட்டேன். வீட்டில் குழந்தை இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடை மூடிவிடுங்கள். அப்புறம், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள்.