ஸ்க்ரோல் வீலுக்கு லினக்ஸ் டிரைவர்: எங்கே முழு மதிப்பெண், எங்கே குறை

ஸ்க்ரோல் வீல் வைத்த மவுஸை லினக்ஸ் கணினியில் செருகினால் சக்கரம் அப்படியே வேலை செய்கிறது. புது யுஎஸ்பி மவுஸ் ஆகட்டும், பழைய வட்ட முனை பிஎஸ்/2 மவுஸ் ஆகட்டும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள டிரைவருக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் தரலாம். குறை அதற்கு மேலே உள்ள அடுக்கில்தான்.

பிஎஸ்/2 பக்கத்தைக் கவனிக்கும் டிரைவரின் பெயர் பிஎஸ்மவுஸ். சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட் அனுப்பும். அதில் சக்கரத்துக்கு இடமே இல்லை. 1996இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸின் வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். டிரைவர் சாம்பிள் ரேட்டை (மவுஸ் நொடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற எண்ணை) 200, 100, 80 என்று அடுத்தடுத்து மாற்றிவிட்டு அடையாள எண்ணைக் கேட்கும். சக்கரம் இல்லாத மவுஸ் 0 என்று சொல்லும். சக்கரம் உள்ளது 3 என்று சொல்லிவிட்டு, அதன்பின் 4 பைட் அனுப்பத் தொடங்கும். 200, 200, 80 என்று கொடுத்து 4 என்று பதில் வந்தால் ஐந்து பட்டன் மவுஸ். இந்த வரிசை புரியாத பழைய மவுஸுக்கு அது வெறும் ரேட் மாற்றம்தான், எந்தக் கெடுதலும் இல்லை. அருமையான ஏற்பாடு.

இது சறுக்கும் இடம் கேவிஎம் ஸ்விட்ச், அதாவது ஒரே கீபோர்டு, திரை, மவுஸைப் பல கணினிகளுக்கு மாற்றித் தரும் பெட்டி. ஸ்விட்சை மாற்றும்போது மவுஸ் ரீசெட் ஆனால் அது பழைய 3 பைட்டுக்குத் திரும்பிவிடும். டிரைவரோ இன்னும் 4 பைட்டுக்குக் காத்திருக்கும். கர்சர் தாறுமாறாகப் பாயும், தொடாமலே கிளிக் விழும், கெர்னல் பதிவில் ஒத்திசைவு போய்விட்டது என்று வரி வரும். தொடர்ந்து 5 பாக்கெட் (மவுஸ் ஒரு முறை அனுப்பும் பைட் தொகுப்பு) கெட்டால் டிரைவர் தானே மவுஸை ரீசெட் செய்யும். அதிலும் சரியாகவில்லை என்றால் பிஎஸ்மவுஸ் மாட்யூலைக் கழற்றி மீண்டும் ஏற்றுங்கள். ஏற்றும்போது புரோட்டோ (proto) அளவுருவுக்கு ‘ஐஎம்பிஎஸ்’ (imps) என்று கொடுங்கள். பல கேவிஎம்களுக்குத் தெரிந்த சக்கர மொழி அது. ‘பேர்’ (bare) என்று கொடுக்கச் சொல்லும் அறிவுரையும் உலவுகிறது. அதில் கர்சர் அடங்கும், ஆனால் சக்கரம் செத்துவிடும்.

யுஎஸ்பியில் இந்தத் தலைவலி இல்லை. என்னிடம் சக்கரம் இருக்கிறது என்பதை மவுஸே தன் விவரப் பட்டியலில் எழுதித் தருகிறது.

2019இல் வந்த கெர்னல் 5.0 ஒரு படி மேலே போனது. முன்பு சக்கரம் ‘டக்’ என்று ஒரு பல் நகர்ந்தால் 1 என்ற ஒரே எண்தான். இப்போது அதே நகர்வு 120 அலகு. நுண்ணிய அசைவையும் உணரும் சக்கரம் உள்ள மவுஸ் அதைச் சிறு சிறு பங்குகளாக அனுப்பலாம். லாஜிடெக்கின் பல மாடல்களுக்கு இது கிடைக்கிறது. பழைய நிகழ்வையும் கெர்னல் கூடவே அனுப்புவதால் பழைய நிரல்கள் உடையவில்லை. கெர்னலுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே மவுஸ், கீபோர்டு நிகழ்வுகளைக் கையாளும் லிப்இன்புட் என்ற நிரலகத்தின் 1.19 பதிப்பு, 2021இல் இதை டெஸ்க்டாப் வரை கொண்டுசேர்த்தது.

சக்கரத்தைக் கீழே உருட்டும்போது பக்கம் மேலே குதித்தால் டிரைவரைத் திட்டுவதற்கு முன், மவுஸ் அனுப்பும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவிடெஸ்ட் (evtest) கருவியை ரூட் உரிமையில் ஓட்டி, மவுஸைத் தேர்ந்தெடுத்து, ஒரே திசையில் மெதுவாக உருட்டுங்கள். உங்களை நோக்கி உருட்டினால் பழைய வகை நிகழ்வில் -1 மட்டுமே வர வேண்டும் (புதிய 120 அலகு நிகழ்வும் கூடவே கழித்தல் எண்ணாக வரலாம்). நடுவே +1 எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சக்கரத்தின் என்கோடரில் (சுழற்சியை உணரும் பாகம்) தூசி அல்லது தேய்மானம். எண்கள் சரியாக வந்தும் பக்கம் நகராவிட்டால் மவுஸிலோ கெர்னலிலோ தேடிப் பயனில்லை.

இனி அந்தக் குறை: சக்கர வேகம். லிப்இன்புட் அதை மாற்ற வழி தருவதில்லை, டெஸ்க்டாப்பின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறது. கேடிஇ பிளாஸ்மாவில் அதற்கான அமைப்பு உண்டு; எல்லா டெஸ்க்டாப்பிலும் அப்படியில்லை. கர்சர் வேகத்துக்கு இருப்பதுபோல் இதற்கும் பொதுவாக ஒரு இடத்தில் அமைப்பு இருந்தே ஆக வேண்டும். அதுவரை செயலிக்குச் செயலி தேட வேண்டியதுதான். ஃபயர்ஃபாக்ஸில் என்றால் அபவுட் கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, மவுஸ்வீல் வரிசையில் ‘டெல்டா மல்டிப்ளையர் ஒய்’ என்று முடியும் இயல்பு அமைப்பைப் பாருங்கள். அதில் 100 இருக்கும். 200 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகும்.