வோலினி ஜெல்: முதுகில் தடவும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

முதுகுவலி என்று மருந்துக்கடையில் போய் நின்றால் பல இடங்களில் கையில் வருவது இந்த டியூப்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே நாலைந்து மாத்திரை போடுகிறவர்களுக்கு, வலி மாத்திரையைவிட இது நல்ல தேர்வு. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

உள்ளே இருப்பவை: டைக்லோஃபெனாக் டைஎதிலமைன் 1.16%, மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5%, ஆளி விதை எண்ணெய் 3%. வலியைக் குறைக்கும் முக்கிய மருந்து டைக்லோஃபெனாக். ஜெல்லாகப் பூசும்போது ரத்தத்தில் சேர்வது, விழுங்கும்போது சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். இதன் பெரிய பலமே அதுதான்.

பிரஷர் மருந்தான டெல்மிசார்டானும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம்மூரில் சர்வசாதாரணம். அதை எடுப்பவர் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் தொடர்ந்து போட்டால், சிறுநீரகத்தை மூன்று பக்கமிருந்தும் அழுத்துகிறார். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது, டெல்மிசார்டான் வெளியேறும் குழாயை விரிக்கிறது, ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரைக் குறைக்கிறது. வடிகட்டும் அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வெயிலில் வியர்த்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் ஆபத்து இன்னும் கூடும். ஜெல்லில் இந்த அபாயம் மிகவும் குறைவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் ஏற்கெனவே கூடியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதையும் தொடாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு, இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் உட்பட, சிக்கல் அந்த 10% மெத்தில் சாலிசிலேட்டில் இருக்கிறது. அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் வழியே போயும் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றி ரத்தக்கசிவு உண்டாக்கியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ‘மூலிகைதானே’ என்று வின்டர்கிரீன் எண்ணெய், அதாவது கந்தபூர தைலம், கலந்த களிம்புக்கு மாறினால் பயனில்லை. அந்த எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான். இதை அறியாமல் தினமும் தேய்ப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், கறுப்பு மலம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கும் இந்த ஜெல் ஆகாது.

ஒரு தடவைக்கு 2 கிராம், நாளுக்கு மூன்று தடவை. இப்படிப் பூசினால் 30 கிராம் டியூப் ஐந்து நாளில் தீரும். ஒரு மாதம் வருகிறது என்றால் பட்டாணி அளவு தடவுகிறீர்கள் என்று அர்த்தம். அதில் மென்தால் குளிர்ச்சிதான் தெரியும். காயமில்லாத, காய்ந்த தோலில் மெல்லப் பரப்பிவிட்டுக் கையைக் கழுவுங்கள். மேலே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், பெல்ட்டை இறுக்கிக் கட்டாதீர்கள். சூடு மருந்தை வேகமாக உள்ளே தள்ளும், தோலும் வெந்துபோகும். மென்தால், மெத்தில் சாலிசிலேட் களிம்புகளால் தீப்புண் போன்ற காயங்கள் வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-ல் எச்சரித்தது. ஒத்தடம் வேண்டுமானால் ஜெல் பூசாத வேளையில் கொடுக்கலாம். கால் மரத்துப்போகும் அளவுக்குச் சர்க்கரை நோய் முற்றியவர்கள் சூட்டின் அளவை இன்னொருவர் கையால் பார்க்கச் சொல்லட்டும்.

முதுகின் இருபுறத் தசை இறுகிய வலிக்கு ஓரளவு உதவும். டிஸ்க் நரம்பை அழுத்திக் காலில் மின்சாரம்போல் இறங்கும் வலிக்கு இதனால் பெரிய பலன் இருக்காது. மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. ஏழு நாளில் குறையாவிட்டால் டியூபை வைத்துவிடுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தானே கசிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜெல் போதவில்லை என்று கடையில் இரண்டு மாத்திரை வெட்டித் தரச் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. வெட்டிய துண்டில் பெயரே இருக்காது. அது பெரும்பாலும் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த கலவை. வீட்டில் காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமாலும் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். முழு அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.