ஆறு தை மாதங்கள் விரித்த பவானி ஜமக்காளம்

காணும் பொங்கல் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். நிலைப்படி மாவிலை சருகாகிவிட்டது. மூலையில் சாத்தியிருந்த கரும்பை வெட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. வெறிச்சோடிப்போன கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது திருச்சியிலிருந்து தோழி போன் செய்தாள். "புது டைல்ஸ் போட்டதிலிருந்து வீடு சில்லிட்டுக் கிடக்கிறது. பனி போகும் வரைக்கும் கதகதப்பாக ஏதாவது விரிக்கலாமென்று பார்க்கிறேன். உன் வீட்டுப் பவானி ஜமக்காளம் எப்படி உழைக்கிறது?" என்று கேட்டாள்.

உழைப்புக்குக் குறையே இல்லை. ஆனாலும் அவளுக்கு உடனே "வாங்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் நாட்டு ஓடு பாதிக்குமேல் போய்விட்டது. மறு ஆண்டு கான்கிரீட் தளம் போட்டோம். கூடத்தில் பெயர்ந்துபோன சிவப்புச் சிமெண்டுத் தரையை எடுத்துவிட்டுப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் பதித்தோம். 2020 தை மாதம் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்? அறுப்புக்கு நிற்கும் சம்பா வயலின் ஈரமும் பாமணியாற்றுக் காற்றும் சேர்ந்து விடியற்காலையில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதம் ஈரோடு போயிருந்த என் கணவர், பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஒன்பதுக்கு ஆறடி ஜமக்காளம் வாங்கி வந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக ஓடும் பருத்தி ஜமக்காளம்.

விரித்த அன்று இரவே ட்யூப் லைட்டை அணைக்கத் தோன்றியது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவப்புப் பட்டை கறுத்துத் தெரிந்தது. மறுநாள் அட்டைப்பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருந்த மஞ்சள் பல்பு இரண்டு வாங்கி மாட்டினோம். தோரணம், கோலம், கரும்பு எல்லாம் எடுத்தபிறகும் கூடம் களையாக இருந்தது அந்த ஆண்டுதான். சாயங்காலம் அத்தை கால் நீட்டி உட்கார்ந்து, சுக்குமல்லிக் காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பேசிக்கொண்டே, சிவப்புப் பட்டை முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் வரிவரியாகப் புடைத்திருக்கும் ஊடைநூலை விரல் நுனியால் தடவிக்கொண்டிருப்பார். இப்போது அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் மாதம் ஒருமுறை புரட்டிப் போடுவேன். சித்திரையில் மொட்டை மாடியில் துவைப்போம். நனைந்தால் இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது. முதல் இரண்டு துவைப்பில் சிவப்புச் சாயம் தண்ணீரில் இறங்கியது, ஆனால் பக்கத்து மஞ்சளில் ஏறவில்லை. இதைப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கடை ஒன்றில் 'பவானி' என்று சொல்லி விற்ற இன்னொன்றையும் வாங்கினோம். அது விசைத்தறிச் சரக்கு. இரண்டாம் ஆண்டே நடுவில் நைந்து, இப்போது நெல் காயப்போட உதவுகிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணிவகைகளில் ஜமக்காளமும் உண்டு. பவானி ஜமக்காளத்துக்கு, அந்த ஊர்ச் சரக்கு என்று காட்டும் புவிசார் குறியீடும் இருக்கிறது. அப்படியிருந்தும் இப்படி ஏமாற்றி விற்கிறார்களே என்று வயிறு எரிகிறது.

ஆனால் அசல் ஜமக்காளத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. டைல்ஸ் மேல் அது வழுக்குகிறது. ஆறு ஆண்டுகளாக வழுக்குகிறது. ஓரத்தில் கால் வைத்தால் நகரும். பிள்ளைகள் ஓடினால் நடுவில் அலை அலையாகச் சுருங்கும். ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து இழுத்துவிட்டிருப்பேன்! அடியில் ரப்பர் வலை போட்டோம். சித்திரை வெயிலில் அது இளகி டைல்ஸில் ஒட்டிக்கொண்டது, அந்தக் கறுப்புக் கட்டம் இன்னும் போகவில்லை. கோரைப்பாய் போட்டோம், பாயும் சேர்ந்து நகர்ந்தது. ஒரு தலைப்பை மரப் பெஞ்சின் கால்களுக்கு அடியில் கொடுத்தோம். அந்தப் பக்கம் நின்றது, மறுபக்கம் நிற்கவில்லை. மார்கழி நடுவில் ஒரு விடியற்காலை, வாசலில் சாணம் தெளிக்க எழுந்துபோன அத்தை அந்த மறுபக்கத்தில்தான் வழுக்கி விழுந்தார். வயது 76. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

நியாயமாகப் பார்த்தால் இது ஜமக்காளத்தின் குற்றமே இல்லை. வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் வழியான ரேழியில் பழைய சிமெண்டுத் தரை அப்படியே இருக்கிறது. அங்கே இரண்டாக மடித்து விரித்துப் பார்த்தேன். காலால் உதைத்தும் அசையவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து அதை நெய்தவர், கண்ணாடி மாதிரித் தரை வரும் என்று எண்ணி நெய்யவில்லை. பவானி ஊரின் கூடுதுறையில் பவானி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு வரும் அதே காவிரிதான் எங்கள் வயலுக்கும் வருகிறது. அந்த ஊர்க் கைவேலையைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அத்தை வலியில் முனகும் இரவுகளில் இந்த நியாயமெல்லாம் எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆகவே தோழியிடம் சொன்னேன்: "உன் மாமனார் கைத்தடியோடு நடக்கிறார். டைல்ஸ் தரைக்கு வாங்காதே. மஞ்சள் பல்பை மட்டும் மாட்டு. மாடி அறையில் சிமெண்டுத் தரை இருக்கிறதே, அதற்கென்றால் தயங்காமல் வாங்கு. பவானிக்கே போய், கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கு."

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கூடத்தில் இனி அதை விரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை பதில் பேசவில்லை. சாயங்காலம் ஆனதும் இடது கையில் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு ரேழிக்குப் போய்விடுகிறார். வாசல் காற்று நேராக அடிக்கும் இடம் அது. நான் பின்னாலேயே போய், அவரைப் பிடித்து உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.