கம்பி மேலே போகட்டுமா, மண்ணுக்கடியில் போகட்டுமா? பழையாற்று மீனுக்கு எது தேவலை

குமரி மாவட்டம் முப்பந்தலில் காற்றாலைக் காற்றாடிகள் பெருகப் பெருக, அந்தக் கரண்டைக் கொண்டுபோகும் டவர் லைன்களும் பெருகின. லைன் எங்காவது ஓர் ஆற்றைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கம்பி வானத்தில் போகிறது, மீன் தண்ணீரில் கிடக்கிறது, இதில் என்ன சம்பந்தம் என்பார்கள். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வாங்கவேண்டிய திட்டங்களின் பட்டியலில் மின்தொடர் பாதைகள் இல்லை. காட்டு நிலம் குறுக்கிட்டால் வன அனுமதி, கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். நடுவில் ஓடும் ஆற்று மீனுக்காகக் கேட்க ஆளில்லை.

110 கேவி (கிலோவோல்ட்) லைன் ஒன்று, ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் குமரி மாவட்டத்துப் பழையாற்றைத் தாண்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழி மூன்று.

முதல் வழி, டவர். தண்ணீரில் கைவைக்கத் தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் 110 கேவிக்கு 22 மீட்டர் அகலப் பாதை வேண்டும். அந்த அகலத்துக்குக் கண்டல் (அலையாத்தி) மரங்களை வெட்டினால், வேருக்குள் ஒளிந்து வளரும் மடவைக் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் போக்கிடமில்லை. அதைவிடப் பெரிய கேடு லாரிப் பாதை. ஓடையில் ஒரு சிமெண்ட் குழாயை உருட்டிப்போட்டு மேலே செம்மண் தட்டினால் லாரி போய்விடும். வேலை முடிந்ததும் அதைத் தோண்டியெடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றாலே போதும், குஞ்சு மேலேறாது. பொழிக்கரை மண்ணையும் நம்பமுடியாது. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது.

இரண்டாவது, ஆற்றுப் படுகையை வெட்டி கேபிள் புதைப்பது. இது எனக்குத் துளியும் சம்மதமில்லை. மேலமணக்குடியில் வீச்சுவலை போடும் ஒரு பாட்டா, மேல்பக்கம் மண் வெட்டிய ஒரு நாளில், பிடித்த மடவையின் செவுளைப் பெருவிரலால் விரித்துக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய இழைகளின் மேல் களிம்பு மாதிரி சேறு. "எங்க தோண்டுனாலும் இங்கதான் வந்து படியும் மக்கா" என்றார். தண்ணீர் குறைந்து மணல் பொழியை அடைத்துக்கொண்டால், கலங்கல் கடலுக்கும் போகாது. முட்டை மேலும் அடிமண் புழுக்கள் மேலும் அப்படியே உட்காரும்.

மூன்றாவது, இக்கரையில் துளைபோட்டுப் படுகைக்கு வெகு ஆழத்தில் கேபிளை இழுத்து அக்கரையில் எடுப்பது. செலவு கூடுதல், பழுது வந்தால் பார்ப்பதும் கஷ்டம். துளை இடிந்துவிடாமல் இருக்க பென்டோனைட் களிமண் கரைசலை அழுத்தி விடுவார்கள். விஷமில்லை, ஆனால் இளகிய மணலில் வெடிப்பு வழியாக மேலே பீறிட்டால் மறுபடியும் அதே செவுள் கதைதான். கேபிளின் காந்தப்புலத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். இத்தனை ஆழத்தில் பெரிய கவலை இல்லை. சுறாவும் திருக்கையும் மிக நுண்ணிய மின்புலத்தையே உணரக்கூடியவை. ஆகவே நாளைக்குக் கடலுக்குள் காற்றாடி வந்தால் அப்போது கேட்கவேண்டிய கேள்வி அது.

என் தேர்வு: ஆற்றின் மேல்பகுதியில், பூதப்பாண்டிப் பக்கம் ஆறு ஒடுங்கி ஓடும் இடத்தில் டவர், தூண்களைக் கரையிலிருந்து தள்ளி வைத்து, உயர மரங்களை மட்டும் கழித்து. பொழிமுகத்தில் துளை. அதுவும் பிப்ரவரி, மார்ச்சில், தண்ணீர் தணிந்திருக்கும்போது; கரைசல் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், நிறுத்தலாம்.

மணக்குடி முதல் நீரோடி வரை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். "கடலுக்குப் போகமாட்டார்கள், அப்போதே வேலையை முடித்துவிடலாம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மீன் இனம் பெருகட்டும் என்று விட்ட மாதங்களில் போய்ப் படுகையைக் கிளறுவதா?

இனி மதிப்பீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கப்போவது கேபிளைப் பற்றியல்ல. ஓடையில் போட்ட அந்தச் சிமெண்ட் குழாயை எடுக்கவேண்டியது யார், எந்தத் தேதிக்குள் என்று டெண்டரில் எழுதியிருக்கிறதா?